பினாங்கு ஜார்ஜ்டவுன்: கோட்டையும் துறைமுகமும் தமிழர் தடமும் – ஒரு நாள் நடைப்பயண வழிகாட்டி

பள்ளி விடுமுறை வந்தால் தோட்டப்புறங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் பினாங்குக்குப் பேருந்து எடுத்துப் போகும் குடும்பங்கள் ஏராளம். தண்ணீர்மலையில் முருகனைக் கும்பிட்டு, கொடிமலையில் ரயில் ஏறி, பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பிள்ளைகளை விளையாட விட்டு, இருட்டுவதற்குள் பாலம் கடந்து வீடு திரும்பிவிடுவது வழக்கம். ஜார்ஜ்டவுனின் பழைய நகர்ப்பகுதியைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

ஆனால், மலேசியத் தமிழர்களில் பல குடும்பங்களின் கதை தொடங்கியது இந்தப் பழைய நகரின் கரையில்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்களில் பலர் மலாயாவில் முதலில் கண்ட ஊர் பினாங்கு. கோட்டை, துறைமுகம், கோயில், பள்ளிவாசல், வட்டிக்கடைத் தெரு என அனைத்தும் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஒரு முழு நாளை ஒதுக்கினால் குடும்பத்தோடு நிதானமாகப் பார்த்துவிடலாம். எதை, எந்த வரிசையில் பார்ப்பது, அதன் பின்னால் உள்ள வரலாறு என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நகரம் உருவான கதை

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியது 1786 ஜூலை 17ஆம் தேதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி பிரிட்டிஷ் கொடி ஏற்றப்பட்டு, தீவுக்கு ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று பெயர் சூட்டப்பட்டது. நகருக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர் கிடைத்தது. கெடா சுல்தானுக்குச் சொந்தமான தீவு இது. படைப் பாதுகாப்புத் தருவதாகச் சொல்லி இடத்தைப் பெற்ற கம்பெனி, அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை.

லைட்டோடு வந்து இறங்கியவர்களில் இந்தியச் சிப்பாய்களும் கப்பல் ஊழியர்களான லஸ்கர்களும் இருந்தனர். துறைமுகத்தில் சுங்கவரி கிடையாது என்ற அறிவிப்பு வணிகர்களை இழுத்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் தொழிலாளர்களும் தொடக்கம் முதலே இங்கு இருந்தார்கள். லைட் 1794இல் எழுதிய கடிதத்தில், சோழமண்டலக் கரையைச் சேர்ந்த ‘சூலியா’க்கள் சுமார் ஆயிரம் பேர் குடியிருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்துச் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். அதாவது, ரப்பர் மரம் இந்த நாட்டில் வேர் பிடிப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே பினாங்குக் கரையில் தமிழ் உழைப்பு இருந்தது.

1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக இணைக்கப்பட்டபோது பினாங்கே தலைநகர். 1832இல் அந்தத் தகுதி சிங்கப்பூருக்குப் போனது. 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. 2008 ஜூலை 7ஆம் தேதி, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் பரப்பு சுமார் 259 ஹெக்டர். நடைப்பயணத்தில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது.

ஃபெர்ரியில் வருவதே சிறப்பு

பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்ட பிறகு பலர் ஃபெர்ரியை மறந்துவிட்டார்கள். பழைய நகரைப் பார்க்க வருகிறவர்கள் பட்டர்வொர்த்திலேயே வாகனத்தை நிறுத்திவிட்டு ஃபெர்ரியில் வருவது நல்லது. கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங் வட்டாரத்திலிருந்து வருபவர்களுக்கு இ.டி.எஸ். ரயில் பட்டர்வொர்த் வரை வருகிறது. நிலையத்தையும் ஃபெர்ரி முனையத்தையும் பேருந்து நிலையமான பினாங்கு சென்ட்ரல் இணைக்கிறது. வெயிலிலும் மழையிலும் அலைய வேண்டியதில்லை.

2021 முதல் ஃபெர்ரியில் கார்கள் ஏற்றப்படுவதில்லை. நடந்து வருபவர்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள் வைத்திருப்பவர்களும் மட்டுமே பயணம் செய்யலாம். 2023 ஆகஸ்டு முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. கடக்கும் நேரம் பத்து, பதினைந்து நிமிடம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளை முன்பக்கம் நிற்க வைத்து நகரைக் காட்டலாம். கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் இதே நீரிணையிலிருந்துதான் இந்த ஊரை முதலில் பார்த்தார்கள்.

துறைமுகக் கரை: முதல் நிறுத்தம்

ஃபெர்ரி நிற்கும் சாலை பெங்காலான் வெல்ட். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பிரடெரிக் வெல்டின் பெயர் அது. இந்தச் சாலையும் இதன் கிட்டங்கிகளும் நிற்கும் இடம் ஒரு காலத்தில் கடல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண் கொட்டி நிரப்பி எடுத்த நிலம் இது. அதற்கு முன் லெபோ பந்தாய்தான் கடற்கரைத் தெரு. அதன் பெயரில் ‘பந்தாய்’ என்ற சொல் இருப்பது அதனால்தான்.

இடதுபுறம் சிறிது தூரம் நடந்தால் கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய சீனக் குலத்தாரின் வீட்டு வரிசைகள் இருக்கின்றன. அவற்றில் சியூ ஜெட்டி பெரியது. படகோட்டிகளாகவும் துறைமுகக் கூலிகளாகவும் வந்த குடும்பங்கள் ஒரே குலப்பெயரோடு அங்கே சேர்ந்து வாழ்ந்தன. இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் கதவுக்குள் எட்டிப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வலதுபுறம், கோட்டைப் பக்கம் நடந்தால் மணிக்கூண்டுடன் கூடிய சுங்கத் துறைக் கட்டடமான விஸ்மா கஸ்தாம் வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரயில்வேக்காகக் கட்டப்பட்டது இது. தீவில் தண்டவாளமே இல்லை. இங்கே பயணச்சீட்டு வாங்கி, ரயில்வே ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம் என்று இதைப் பினாங்கு மக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அதற்கு அப்பால் இருப்பது 1904இல் கட்டப்பட்ட சுவெட்டன்ஹாம் பாலத்துறை. இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் தோட்டக் குடும்பங்கள் மறக்காத பெயர் ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த பயணத்தைப் பல முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கப்பலில் வந்த தொழிலாளர்கள் நேராக ஊருக்குள் இறங்கவில்லை. தீவின் கிழக்குக் கரையை ஒட்டியுள்ள ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. அம்மை, காலரா பயத்தால் அங்கே நாள் கணக்கில் தங்க வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறை அதன் பிறகும் தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவித்தொகையோடு தொழிலாளர் மலாயா செல்வதற்குத் தடை போட்டது.

இவ்வளவு பெரிய வரலாற்றுக்கு இந்தக் கரையில் கண்ணில் படும்படி அடையாளம் எதுவும் நிற்கவில்லை. பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் பெரியவர்கள்தான் இந்த இடத்தில் வழிகாட்டிகளாக இருக்க வேண்டும்.

மணிக்கூண்டும் கோட்டையும்

பாலத்துறைக்கு எதிரே சாலைச் சந்திப்பில் நிற்கும் வெள்ளை மணிக்கூண்டு, விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியைக் கொண்டாட 1897இல் சீனச் செல்வந்தர் சியா சென் ஈயோக் வழங்கியது. ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் உயரம் 60 அடி. கட்டி முடிந்தது 1902இல். அதற்குள் மகாராணி காலமாகிவிட்டார். கூண்டு சற்றுச் சாய்ந்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். இரண்டாம் உலகப்போரில் அருகே விழுந்த குண்டுகளே காரணம் என்பார்கள்.

அருகிலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. லைட் முதலில் நிபோங் மரத்தண்டுகளை நட்டு வேலியாக அமைத்த கோட்டை இது. அப்போது வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் செங்கல்லால் நட்சத்திர வடிவில் கட்டப்பட்டு, 1810 வாக்கில் வேலை முடிந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

இந்தக் கைதிகளைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கம்பெனி வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் கைதிகளைப் பினாங்குக்குக் கப்பலேற்றியது. காடு வெட்டியது, சாலை போட்டது, சதுப்பை நிரப்பியது, அரசுக் கட்டடங்கள் கட்டியது எல்லாம் அவர்கள் உழைப்பு. தண்டனை முடிந்த பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே கலந்துவிட்டனர்.

கோட்டையில் ஒரு போர்கூட நடந்ததில்லை. சுற்றியிருந்த அகழியை 1920களில் கொசுத் தொல்லைக்கும் மலேரியாவுக்கும் பயந்து மூடினார்கள். அண்மைய ஆண்டுகளில் அதன் சில பகுதிகள் மீண்டும் தோண்டப்பட்டுச் சீரமைக்கப்பட்டன. உள்ளே பழைய தேவாலய அறை, வெடிமருந்துக் கிடங்கு, மதில்மேல் பீரங்கிகள் ஆகியவற்றைப் பார்க்கலாம். 1603 என ஆண்டு பொறித்த ‘ஸ்ரீ ரம்பாய்’ என்ற டச்சுப் பீரங்கிதான் பிள்ளைகளைக் கவரும். ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் எனக் கைமாறி, 1871இல் கோலசிலாங்கூரிலிருந்து பிரிட்டிஷார் எடுத்து வந்தது அது. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைக்கும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. வளாகத்தின் ஓரத்தில் 1882இல் எழுப்பப்பட்ட இரும்புக் கலங்கரை விளக்கம் நிற்கிறது.

கொடி இறக்கிய தமிழர்

கோட்டையில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தவர்கள் உட்பட ஏராளமானோர் மாண்டனர். சில நாளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகத் தீவைக் காலி செய்தனர். சீனர், இந்தியர், மலாய்க்காரர் அனைவரும் கைவிடப்பட்டனர்.

அப்போது நகரைக் கையில் எடுத்தவர் எம். சரவணமுத்து. இலங்கைத் தமிழரான அவர் ‘ஸ்ட்ரைட்ஸ் எக்கோ’ ஆங்கில நாளேட்டின் ஆசிரியர். பல இனத் தலைவர்களைச் சேர்த்துப் பொதுச்சேவைக் குழு அமைத்து, உணவுப் பங்கீட்டையும் காவலையும் பார்த்துக்கொண்டார். கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். பிரிட்டிஷார் போய்விட்டனர், இனி குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் ஜப்பானியருக்கு அறிவித்தார். டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தது. பின்னர் அவரையே அவர்கள் சிறையில் அடைத்தனர். போருக்குப் பிறகு அவர் இலங்கையின் தூதரகப் பணிக்குச் சென்றார்.

கோட்டை எதிரிமீது ஒரு குண்டு சுடாமல் ஓய்ந்தது. ஊரைக் காத்தது ஒரு பத்திரிகையாளர் இறக்கிய கொடியும் அவர் பேசிய வானொலியும்தான். தப்பிப் பிழைத்த மக்களுக்கு அதுவே பெரிய காவல்.

பாடாங்கிலிருந்து தேவாலயம் வரை

கோட்டைக்குப் பக்கத்தில் பாடாங். மறுபக்கம் 1903இல் கட்டப்பட்ட மாநகர மண்டபமும் அதைவிடப் பழைய நகர மண்டபமும் அருகருகே நிற்கின்றன. கடற்காற்றில் சற்று ஓய்வெடுக்க ஏற்ற இடம். அங்கிருந்து லெபோ ஃபார்குவார் வழியாக நடந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் வரும். 1819இல் புனிதப்படுத்தப்பட்ட இதன் வடிவமைப்பு கேப்டன் ராபர்ட் ஸ்மித்துடையது. தூண்களையும் சுவர்களையும் எழுப்பியது இங்கேயும் இந்தியக் கைதிகள்தான்.

நகரின் பெயர்களிலும் இந்தியத் தடம் ஒளிந்திருக்கிறது. ‘சௌரஸ்தா’ சந்தையின் பெயருக்கு இந்துஸ்தானியில் நாற்சந்தி என்று பொருள். ‘சிப்பாய் லைன்ஸ்’ என்ற சாலைப் பெயர், சிப்பாய்கள் குடியிருந்த வரிசை வீடுகளை நினைவூட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை ராணுவத்தின் காலாட்படைப் பிரிவுகள் இங்கே காவல் இருந்திருக்கின்றன. ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த பகுதிக்கு ‘தோபி காட்’ என்றே பெயர்.

நான்கு சமயங்களின் தெரு

தேவாலயத்திலிருந்து தெற்கே போகும் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கைச் ‘சமயநல்லிணக்கத் தெரு’ என்று அழைக்கிறார்கள். ஆங்கிலிக்கன் தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி ஆலயம், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் நான்கும் சில நூறு மீட்டருக்குள் இருக்கின்றன.

ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தின் முகப்பு அடுத்த தெருவான லெபோ குவினில் உள்ளது. இந்து வழிபாட்டுக்கான நிலம் 1801இல் பெட்டி லிங்கம் செட்டியாருக்கு வழங்கப்பட்டது. கோயில் 1833இல் எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்து ஆலயமாக இது கருதப்படுகிறது. கோபுரத்தில் தெய்வச் சிற்பங்கள் நிறைந்துள்ளன. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் படகுத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் வாழ்ந்த பகுதியின் தாய்க்கோயில் இது. நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலோ மாலையிலோ செல்வது நல்லது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் 1801இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர் தமிழ் முஸ்லிம் வணிகரும் சமூகத் தலைவருமான காதிர் முகைதீன். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒருவரைக் கப்பித்தானாக நியமித்து ஆண்டது கம்பெனி. பள்ளிவாசலின் பெயர் அந்தப் பதவியிலிருந்து வந்தது. சற்றுத் தள்ளி லெபோ சூலியாவில் நாகூர் ஆண்டவர் தர்கா இருக்கிறது. நாகூரிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் அங்கிருந்த நேர்ச்சையையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். லெபோ சூலியாவுக்கு முதலில் இருந்த பெயர் மலபார் தெரு.

பகல் உணவுக்கு இந்தப் பகுதிதான் சரி. பினாங்கின் பெயர்போன நாசி கண்டார் பிறந்த கதையும் துறைமுகத்தோடு சேர்ந்தது. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் கறியையும் காவடி போல் தடியின் இரு முனைகளில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, கரையில் வேலை செய்த தொழிலாளர்களுக்கு விற்றார்கள். மலாயில் அந்தத் தடிக்குப் பெயர் ‘கண்டார்’.

குட்டி இந்தியாவும் செட்டியார் தெருவும்

லெபோ பாசாரைத் தமிழர்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். சேலை, வளையல், பூமாலை, மளிகை, பலகாரம் என இன்றும் தமிழ் முழங்கும் தெரு. தீபாவளிக் காலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பக்கத்து லெபோ பினாங்கில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. அவர்கள் கொடுத்த கடனில் நடந்த ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் சிறு கடைகளும் பல. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இந்தத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஊரெங்கும் தேங்காய் உடைபடத் தண்ணீர்மலைச் சாலையிலுள்ள நகரத்தார் கோயிலுக்குப் போகிறது. அந்த ரதம் 1894இல் காரைக்குடியிலிருந்து வந்தது.

தொழில் நகரின் மிச்சங்கள்

ஜார்ஜ்டவுன் வெறும் வணிக நகரமாக மட்டும் இருக்கவில்லை. பேராக்கின் ஈயத்தை உருக்கி ஏற்றுமதி செய்த ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனம் 1907இல் அமைந்து, ஜாலான் டத்தோ கிராமட்டில் இயங்கியது. தோட்டங்களின் ரப்பர் இந்தத் துறைமுகத்தின் வழியே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. லெபோ பந்தாயில் வரிசையாக நிற்கும் பழைய வங்கி, கப்பல் நிறுவனக் கட்டடங்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை. தோட்டத்தில் அதிகாலையில் எடுத்த பாலுக்கும் இந்தத் தெருவின் பெரிய தூண்களுக்கும் நேரான தொடர்பு உண்டு.

கொடிமலை ரயிலும் பொறியியல் சின்னம்தான். முதல் முயற்சி 1906 வாக்கில் தோற்றது. பிறகு பொறியாளர் ஜான்சன் தலைமையில் அமைந்த பாதை 1923இல் ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி 1ஆம் தேதி முறைப்படி திறக்கப்பட்டது. ரயில் வருவதற்கு முன் வெள்ளைக்காரர்களை நாற்காலியில் வைத்துத் தொழிலாளர்கள் மலைக்குத் தூக்கிச் சென்றனர். மலை உச்சியில் ஸ்ரீ அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது.

நேரம் மிஞ்சினால் ஜாலான் குருத்வாராவிலுள்ள ஹின் பஸ் டிப்போவையும் பார்க்கலாம். 1947இல் எழுந்த பேருந்துப் பட்டறை, 2014 முதல் கலைக்கூடமாக மாறியது. லெபோ ஆர்மேனியனில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் சுவரோவியம் 2012இல் வரையப்பட்டது. படம் எடுக்க அங்கே எப்போதும் வரிசை நிற்கும்.

துறைமுக நகரின் வாழ்வு 1969இல் ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி பறிபோனது. வேலையின்மை பெருகியது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டு மின்னணு ஆலைகள் வந்தன. சரக்குக் கப்பல்கள் பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கு நகர்ந்தன. கரையை நம்பியிருந்த மூட்டைத் தொழிலாளர்களின் வேலையும் குறைந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முழுமையாக விலகியபோது, குறைந்த வாடகையில் பல தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் பல வெளியேற வேண்டியதாயிற்று. இன்று அந்த வீடுகளில் பல விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் இருக்கின்றன.

ஜப்பான் தரும் ஓர் ஒப்பீடு

கோட்டையும் தொழிற்சாலையும் ஒரே ஊரில் சுற்றுலாவாக மாறியிருப்பது ஜப்பானிலும் உண்டு. கித்தாக்யூஷு நகரில், 1602இல் சாமுராய்ப் பிரபு ஹோசொகாவா கட்டத் தொடங்கிய கொக்குரா கோட்டை இருக்கிறது. இன்று பார்ப்பது 1959இல் மறுபடி கட்டிய கோபுரம். அதே நகரில்தான் 1901இல் இயங்கத் தொடங்கிய யவாத்தா எஃகு ஆலையும் உள்ளது. அந்த ஆலை உட்பட 23 இடங்கள் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

அப்போது தென்கொரியா ஒரு கேள்வி எழுப்பியது. அந்த இடங்கள் சிலவற்றில் போர்க்காலத்தில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களின் கதை எங்கே என்பதே அது. பலர் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டு, கடும் நிலையில் வேலை வாங்கப்பட்டதை ஒப்புக்கொண்ட ஜப்பான், அதைப் பார்வையாளர்களுக்கு எடுத்துச் சொல்வதாக உறுதி கூறியது. 2020இல் தோக்கியோவில் தகவல் மையம் திறந்தது. அதில் அந்த விவரம் போதிய அளவில் சொல்லப்படவில்லை என்று 2021இல் யுனெஸ்கோவின் பாரம்பரியக் குழு வருத்தம் தெரிவித்தது.

தோட்டத் தமிழருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர்கள் மிகப் பலர். அதே கேள்வியைப் பினாங்குக் கோட்டைச் சுவரிடமும் கேட்கலாம். பெயர் சூட்டிய பிரபு, நிலம் பிடித்த கேப்டன், பணம் தந்த செல்வந்தர் அனைவருக்கும் பலகையும் சிலையும் இருக்கின்றன. கல் சுமந்த கைதிக்கும், மூட்டை சுமந்த கூலிக்கும், ஜெரெஜாக்கில் காத்துக் கிடந்த தாய்க்கும் பார்வைக்கு அதிகம் இல்லை. மாநில அரசும் பாரம்பரிய அமைப்புகளும் துறைமுகக் கரையில் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் வந்திறங்கியவர்களின் கதையைச் சொல்லும் பலகை வைப்பது பெரிய செலவல்ல. தமிழ்ப் பள்ளிகளின் கல்விச் சுற்றுலாக்களில் இந்தத் தடத்தைச் சேர்ப்பதற்கு யாரிடமும் காத்திருக்க வேண்டியதில்லை.

செல்வோர் கவனத்துக்கு

• காலை 8 மணி வாக்கில் ஃபெர்ரியில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் துறைமுகத்தையும் கோட்டையையும் முடித்துவிடலாம். பகலில் சாப்பாடும் கடைத்தெருவும், மாலையில் மாரியம்மன் கோயிலும் என்று வைத்துக்கொள்வது வசதி.

• கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

• நடக்க முடியாத பெரியவர்கள் பழைய நகரைச் சுற்றும் இலவச ‘கேட்’ பேருந்தைப் பயன்படுத்தலாம். ஃபெர்ரி முனையம் அருகே ஏறலாம்.

• கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஏற்ற உடை அணிந்து வாருங்கள். பள்ளிவாசலுக்குள் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை.

• ஐந்தடி நடைபாதைகள் ஏற்ற இறக்கமாக இருக்கும். தள்ளுவண்டியைவிட, சின்னப் பிள்ளைகளைத் தூக்கிச் செல்வது எளிது. தண்ணீர்ப் புட்டியும் குடையும் அவசியம்.

• புறப்படுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: குடும்பத்தில் முதலில் வந்தவர் எந்த ஊரில் கப்பல் ஏறினார், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், முதலில் எந்தத் தோட்டம்? பழைய கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, கங்காணி கொடுத்த துண்டுச்சீட்டு எதுவாக இருந்தாலும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு பெங்காலான் வெல்ட்டில் நின்று காட்டினால், பிள்ளைகள் இந்த நகரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.